அடுத்தவரிடம் ஓடிபி சொல்லாமல் விண்ணப்பிக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக்கான இணைய விண்ணப்பம் தொடங்கிவிட்டது, கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் நாளிதழில் வந்த அறிவிப்பைப் படித்தேன். அந்த இணைய விண்ணப்பத்தைத் தாங்களாகவே நிரப்ப முடியாத ஒரு கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், பான் கார்டு, தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, பட்டா நகல் என்று எல்லா வேலையும் உண்டு. வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் அக்கா. சிலர் அவசரத்தில் வருகிறார்கள், சிலரிடம் கணினி இல்லை. அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. கையில் நல்ல போன் இருந்தும், பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தும், அந்தப் படிவத்தைத் தனியாக முடிக்க முடியாமல் என்னிடம் வருகிற பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கற்றல் குறைபாடு உள்ளவர்கள் அவர்கள். எழுத்து குழம்புகிறவர்கள், எண் இடம் மாறுகிறவர்கள், நீளமான வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் நழுவிப் போகிறவர்கள்.

இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் அடிக்கடி வருகிற ஒரு தம்பி தண்ணீர் மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டி மறுபடியும் பூட்டிவிடுவான். சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்வான். ஆனால் தன்னுடைய ஆதார் எண்ணைப் பார்த்து எழுதச் சொன்னால் 69 என்பது 96 ஆகிவிடும். எத்தனை முறை சரிபார்த்தாலும் அவன் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரியும். சட்டமும் இந்தக் குறைபாட்டைக் கணக்கில் எடுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஒன்று. வாசிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா, எழுதுவதில் தடுமாற்றம் தரும் டிஸ்கிராஃபியா, எண்களில் தடுமாற்றம் தரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதன் கீழ் வருகின்றன.

அதே சட்டம் இவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் தரச் சொல்கிறது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து ஒதுக்குகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கம் எப்படி இருக்கிறது? தேர்வறையில் கூடுதலாக நேரம் கொடுக்கிற நாட்டில், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற பக்கம் சில நிமிடங்களில் 'உங்கள் நேரம் முடிந்தது' என்று சொல்லி நிரப்பியதையெல்லாம் அழித்துவிடுகிறது.

இந்த ஆண்டு என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகத்தின் தளம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ஒரு தளத்தின் கதை மட்டும் இல்லை இது. முதல் பக்கத்தில் கோணல்மாணலாக வளைத்துக் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். அதைப் பார்த்துக் கட்டத்தில் அடிக்க வேண்டும். நேரான எழுத்தே குழம்புகிறவனுக்கு வளைந்த எழுத்து! பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருந்தது. அழுத்தினால் இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. அதைத் தாண்டினால் கடவுச்சொல். பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று இருக்க வேண்டும், ஆனால் எந்தக் குறியை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லவில்லை. அதையும் தாண்டினால் ஓடிபி. ஆறு இலக்கத்துக்கு ஆறு தனித்தனிப் பெட்டி. குறுஞ்செய்தியில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்து அடிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

அப்புறம் அந்தத் தம்பி என்ன செய்வான்? போனை என்னிடம் நீட்டுகிறான். 'நீங்களே போடுங்கக்கா' என்கிறான். அந்தக் குறுஞ்செய்தியிலேயே 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. அவன் பகிராமல் இருக்க முடியாது. கடவுச்சொல்லையும் நான்தான் வைத்துத் தருகிறேன், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அவனுடைய வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்று, குறைபாட்டுச் சான்று, அம்மாவின் போன் எண் எல்லாம் என் கணினி வழியாகப் போகிறது. வேலை முடிந்ததும் அவன் கண்முன்னாலேயே எல்லாக் கோப்புகளையும் அழிக்கிறேன். ஆனால் என்னை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அவனை யார் வைத்தது? எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? அரசும் வங்கிகளும் சைபர் மோசடியைப் பற்றி ஊர் ஊராக எச்சரிக்கின்றன. தளத்தைக் கட்டியவர்களே இந்தப் பிள்ளைகளை ஓடிபி-யை அடுத்தவரிடம் சொல்லப் பழக்குகிறார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. எனக்குக் கூலி கிடைக்கிற வேலைதான். இந்த வேலை எனக்கு வராமல் போனால் எனக்குச் சந்தோஷம்.

இதையெல்லாம் சரிசெய்வது ராக்கெட் விடுகிற காரியம் இல்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று உலக அளவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இணையத்துக்கான தரங்களை வகுக்கிற W3C என்று ஓர் உலக அமைப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துகிற மாதிரி தளத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்கிற அதன் அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உள்ளே நுழைவதற்காக ஒருவரை நினைவாற்றல் சோதனைக்கோ புதிர் விடுவிக்கவோ உட்படுத்தக் கூடாது, வேறு வழியும் தர வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. கடவுச்சொல்லை போனே நினைவில் வைத்து நிரப்பவும், எடுத்து ஒட்டவும் விட்டால் போதும், அந்த விதி நிறைவேறிவிடும். கைரேகையில் திறக்கிற போன்தான் இந்தப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, அதே ரேகையில் தளத்துக்குள்ளும் விடலாம். ஒரே விண்ணப்பத்தில் ஒருமுறை கொடுத்த விவரத்தை மறுபடியும் அடிக்கச் சொல்லக் கூடாது என்பது அதே பதிப்பில் வந்த இன்னொரு விதி. நிரந்தர முகவரியை அடித்தவனிடம் தற்போதைய முகவரியை முழுசாக அடிக்கச் சொல்லாமல், 'இரண்டும் ஒன்றுதான்' என்று ஒரு கட்டம் வைத்தால் சரி.

நேரக்கெடு பற்றிய விதி அதற்கும் பழையது. நேரம் முடியப்போகிறது என்று முன்பே எச்சரிக்க வேண்டும், ஒரு பொத்தானைத் தட்டி நீட்டித்துக்கொள்ள குறைந்தது 20 விநாடி தர வேண்டும், அப்படிப் பத்து தடவையாவது நீட்டிக்க விட வேண்டும். 2008-இல் வந்த பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. நான் பார்க்கிற தளங்களில் எச்சரிக்கையே இல்லாமல் வெள்ளைப் பக்கம் வந்துவிடுகிறது. பாதியில் சேமித்துவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்ற ஒரு வசதி மட்டும் இருந்தாலே என் கடைக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் உட்கார்ந்து மெதுவாக முடித்துவிடுவார்கள். இவர்களுக்குத் தேவை நேரம். அதைத்தான் தளங்கள் தர மறுக்கின்றன.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழுகை வருகிற இடம் அதுதான். ஆதாரின் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் சும்மா வைத்ததில்லை, சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கம் தவறினாலும் சரி, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் சரி, கணக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும் என்கிற மாதிரித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அதாவது 69-ஐ 96 என்று அடித்த அந்த நொடியிலேயே, அந்தப் பெட்டிக்குக் கீழேயே, 'எண் பொருந்தவில்லை, அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று தளம் சொல்லிவிட முடியும். பல தளங்கள் சொல்வதில்லை. நான்கு பக்கம் நிரப்பி, கடைசியில் சமர்ப்பித்த பிறகு மேலே சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. எந்தப் பெட்டி, என்ன தவறு, ஒன்றும் கிடையாது. ஆதார் அட்டையில் எண்ணை நான்கு நான்காகப் பிரித்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். படிவத்தில் மட்டும் பன்னிரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளி விட்டு அடித்தால் ஏற்காது. அடிக்கும்போதே நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டுகிற ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள். ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிட்டு எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து முழித்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த இடத்தில் ஓ அடித்தால் தளமே பூஜ்யமாக மாற்றிக்கொள்ளலாம். வங்கி பெயரையும் கிளையையும் உடனே பக்கத்தில் காட்டினால் இன்னும் நல்லது, 'ஆமாம், இது நம்ம வங்கிதான்' என்று அவர்களே உறுதி செய்துகொள்வார்கள். பெயரைப் படிப்பது எண்ணைப் படிப்பதைவிடச் சிலருக்கு எளிது. கணக்கு எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்லி, இரண்டாவது தடவை ஒட்டுவதைத் தடுத்து வைப்பது எண் குழம்புகிறவனுக்குத் தண்டனைதான், பாதுகாப்பு இல்லை.

தமிழ்ப் பக்கங்களுக்கு வருகிறேன். நம் எழுத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. ன, ண, ள மூன்றும் சில பிள்ளைகளுக்கு ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். சொற்களும் ஒட்டிக்கொண்டே நீளும். அப்படிப்பட்ட எழுத்தைச் சின்ன அளவில், வரிக்கு வரி இடைவெளி விடாமல் அடைத்தால் மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் மேல்சுழியும் முட்டிக்கொள்கின்றன. வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரை கூட்டினாலும் பக்கம் குலையக் கூடாது என்பது தரம். இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று இழுத்து நிரப்புவதும் வேண்டாம். போன் திரையில் நீளமான தமிழ்ச் சொல் ஒரு வரியில் இரண்டுதான் கொள்ளும், நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது, கண் அங்கேயே தடுக்கி நின்றுவிடுகிறது. டிஸ்லெக்சியாவுக்கென்று தனி எழுத்துரு வைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட எழுத்துருக்களுக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதரவு கிடைக்கவில்லை. இடைவெளியும் எளிய வாக்கியமும்தான் என் கடையில் வேலை செய்கின்றன.

ஒரு பக்கத்தில் 38 மாவட்டங்களும் தமிழில் இருந்தன, ஆனால் ஆங்கில அகரவரிசையில். அரியலூருக்கு அடுத்து செங்கல்பட்டு. தூத்துக்குடி எங்கே என்று தேடிக் களைத்துப்போய் ஒரு பெண் வேறு மாவட்டத்தைத் தட்டிவிட்டது. முதல் இரண்டு எழுத்தை அடித்தால் பெயர் தானே வந்து நிற்கிற மாதிரி வைப்பது எந்தக் கணினிக்காரருக்கும் தெரிந்த வேலை.

இப்போதைய போன்களில் திரையில் இருக்கிற தமிழை உரக்கப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. காதால் கேட்டால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த மோட்டார் தம்பிக்கு நான் அதைப் போட்டுக் காட்டிய அன்று, விண்ணப்ப விதிமுறை முழுவதையும் இரண்டு தடவை கேட்டுவிட்டு, நானே கவனிக்காத ஒரு நிபந்தனையை எனக்குச் சொன்னான். ஆனால் அடுத்த அறிவிப்பு, காகிதத்தில் அடித்து, கையெழுத்துப் போட்டு, கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றியது. போனுக்கு அது வெறும் படம். இன்னொன்று பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப், படிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்தாக உளறுகிறது. எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கிற யூனிகோடு முறையை 2010-லேயே தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. 2017-இல் வந்த மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் விதிகளும், தளத்தில் ஏற்றும் ஆவணங்கள் இபப் என்கிற மின்னூல் வடிவிலோ எழுத்தை அடையாளம் காணக்கூடிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றன. ஸ்கேன் செய்த படத்தைத் தூக்கிப் போடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்றால், இருந்த ஓட்டையை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டிவிட்டது. ராஜீவ் ராத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி வந்த தீர்ப்பில், அந்த 2017 விதிகளில் அணுகல் பற்றிய விதி 15(1) வெறும் பரிந்துரை போல இருக்கிறது, சட்டம் கேட்பது கட்டாயத்தை என்று சொல்லி அதைச் செல்லாது என்றது. மூன்று மாதத்தில் கட்டாயமான விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்து 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவருக்கு 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்ட வங்கிச் சரிபார்ப்பு முறையிலிருந்து வந்த வழக்கு அது. கண் சிமிட்ட முடியாதவரிடம் சிமிட்டச் சொல்வதும், எழுத்து குழம்புகிறவனிடம் வளைந்த எழுத்தைப் படித்து நீ மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்வதும் ஒரே ரகம்.

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டியும் நம்மிடம் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பு W3C-யின் 2.1 பதிப்பைத்தான் பின்பற்றுகிறது. நான் மேலே சொன்ன புதிர் விதி 2.2-இல் வந்தது. இந்த ஒரு படி ஏறினாலே கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரிய மாற்றம் வரும். இப்போது பல தளங்களின் உச்சியில் எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, நிறம் மாற்ற மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. மங்கலாகத் தெரிபவர்களுக்கு அவை உதவலாம். அவற்றை வைத்துவிட்டு 'எங்கள் தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது' என்று அடியில் எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குழப்பமான படிவத்தைப் பெரிய எழுத்தில் காட்டினால் குழப்பமும் பெரிதாகத்தான் தெரியும்.

நான் கேட்பது இரண்டு. முதலாவது தளம் கட்டக் கொடுக்கும் துறைகளிடமும் கல்லூரிகளிடமும். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: கற்றல் குறைபாடு உள்ள சிலர், பக்கத்தில் யாரும் உதவாமல், தங்கள் சொந்த போனில் விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை முடித்துக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணைப் பணம். மென்பொருளை வைத்து மட்டும் இதைச் சோதித்துவிட முடியாது. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதுமா என்றெல்லாம் மென்பொருள் சொல்லும். வாக்கியம் புரிகிறதா என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உங்களிடம். கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, அரசுத் தேர்வு பற்றிய அறிவிப்புகளை வெளியிடும்போது, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் எளிய வடிவமும் போடுங்கள். யார் விண்ணப்பிக்கலாம், என்ன தேவை, கடைசி நாள் எது, சந்தேகம் இருந்தால் யாரைக் கூப்பிடுவது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. உங்கள் இணையப் பதிப்பில் அதையே படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள், போன் படித்துக் காட்டிவிடும்.

எங்கள் பகுதியில் எந்தத் துறையாவது புதிய தளத்தைச் சோதிக்க விரும்பினால், என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். மோட்டார் தம்பி திங்கட்கிழமை வேண்டாம் என்றான், அன்றைக்கு அவனுக்கு வேலை அதிகம்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகி,
கோவில்பட்டி.